லைட் சிகரெட் ஒருவருக்குப் போதுகிறது, இன்னொருவருக்கு ஏன் போதவில்லை?

தம் பழக்கத்தை விட நினைக்கிற யாருக்கும் வட சென்னையில் முதலில் கிடைக்கிற யோசனை "லைட்ஸுக்கு மாறிப் பாரேன்" என்பதுதான். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் முடிந்து டீ குடிக்கிற இடத்தில் கேட்கலாம், வண்ணாரப்பேட்டையில் கடைக்கு ஷட்டர் இறக்குகிற நேரத்தில் கேட்கலாம், மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் மாறும்போது கேட்கலாம். சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்டு மாறிய தம்பி ஒரு நாளைக்கு ஐந்து அடித்த இடத்தில் எட்டு அடிக்க ஆரம்பித்திருப்பான், அதை யாரிடமும் சொல்லவும் மாட்டான். இரண்டு மாதம் கழித்து, "இன்னாபா, உங்க மாமா லைட்ஸுக்கு மாறி அப்படியே கம்மி பண்ணிட்டாரு, உனக்கு மட்டும் இன்னா?" என்று கேட்பார்கள். அவனுக்கு மனசு உறுதி இல்லை என்று அதோடு முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்தத் தம்பிக்காகவும், அவனை அப்படிப் பேசுகிறவர்களுக்காகவும்தான் இந்த விளக்கம். மாமாவுக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பெரிய பங்கு கல்லீரலில் இருக்கிறது. அது போக, "கம்மி நிக்கோட்டின்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வகை சிகரெட்டுகளை. இந்த இரண்டு விஷயமும் புரிந்துவிட்டால் மிச்சம் எல்லாம் தானாகப் புரியும்.

நிக்கோட்டின் பிடித்து வைக்கிறது, புகை கொல்கிறது

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை ஓரமாக வைத்துவிடுவோம். புற்றுநோய் வருவது நிக்கோட்டினால்தான், அதனால் நிக்கோட்டின் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். நிக்கோட்டின் என்பது புகையிலைச் செடியில் இயற்கையாகவே இருக்கிற ஒரு வேதிப்பொருள். அடிமைப்படுத்துகிற வேலையை அது செய்கிறது. அது ஒன்றும் சாது இல்லை, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், கர்ப்பத்தில் இருக்கிற குழந்தைக்கும் கெடுதல் செய்யும். ஆனால் நுரையீரலையும் இரத்தக் குழாயையும் நாசமாக்குகிற பெரிய வேலையைச் செய்வது எரிகிற புகைதான். அந்தப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு இழுப்பு இழுத்ததும் நிக்கோட்டின் நுரையீரல் வழியாக இரத்தத்தில் ஏறி பத்து இருபது நொடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே நரம்பு செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி என்றால் குறிப்பிட்ட ஒரு பொருள் வந்து பொருந்துவதற்கென்றே இருக்கிற இடம். நிக்கோட்டின் அதில் போய் உட்கார்ந்ததும் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, "அப்பாடா" என்று இருக்கிறது. தினமும் புகைக்கிறவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. அதனால் நிக்கோட்டின் இறங்க இறங்க எரிச்சல், படபடப்பு, எதிலும் கவனம் நிற்காமை, யார் பேசினாலும் சிடுசிடுவென்று விழுவது எல்லாம் வரும். புகைக்கிறவர் தன்னையறியாமல் நாள் முழுக்கச் செய்வது, அந்த அளவு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதைத்தான்.

சுருக்கமாக: நிக்கோட்டினுக்காகப் புகைக்கிறோம், புகையால் சாகிறோம். ஒரு சிகரெட் எவ்வளவு ஆபத்து என்று பார்க்க வேண்டுமானால், அதைப் பிடிக்கிறவர் உள்ளே இழுக்கிற புகை எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரே லாரி, இரண்டு வீடு

கொருக்குப்பேட்டையில் ஒரு சந்து இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வாட்டர் லாரி வருகிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டு வாசலில் ஒரே அளவு நீல டிரம் இருக்கிறது, இரண்டும் விளிம்பு வரை நிரம்புகிறது. ஒரு வீட்டில் அம்மாவும் மகனும் மட்டும்தான். அவர்களுக்கு அந்தத் தண்ணீர் மறுநாள் வரை வரும். அடுத்த வீட்டில் ஏழு பேர், அதில் இரண்டு கைக்குழந்தை, துணி அலசவே பாதி டிரம் போய்விடும். மத்தியானம் மூன்று மணிக்கு டிரம்முக்குள் மக்கை விட்டால் அடியில் உரசுகிற சத்தம் கேட்கும். சாயந்திரம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்று தேடி ஓடுவது இந்த வீடுதான். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று அந்தச் சந்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், செலவு அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும்.

உடம்பில் நிக்கோட்டினும் அப்படித்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே சிகரெட்டைப் பிடித்தாலும், ஒருவர் உடம்பில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்னொருவர் உடம்பில் நின்று நிதானமாகத் தீரும். சீக்கிரம் தீர்கிறவருக்கு அடுத்த சிகரெட்டின் தேவையும் சீக்கிரம் வந்துவிடும்.

கல்லீரலுக்குள் நடப்பது

உடம்புக்குள் வந்த நிக்கோட்டினை உடைத்து வெளியே அனுப்புகிற வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. இப்படி ஒரு பொருளை உடம்பு வேறொன்றாக மாற்றுவதை வளர்சிதை மாற்றம் என்கிறோம். அதைச் செய்து முடிக்கிற வேலைக்காரப் புரதத்துக்கு நொதி என்று பெயர், என்சைம் என்றால் பலருக்குத் தெரியும். நிக்கோட்டினுக்கென்று முக்கியமாக உழைக்கிற நொதியின் பெயர் சிஒய்பி2ஏ6. நாக்கில் நிற்காத பெயர்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய ஒரே கடினமான பெயர் இதுதான், "கல்லீரல் நொதி" என்று நினைத்துக்கொண்டாலும் போதும்.

உள்ளே வருகிற நிக்கோட்டினில் 70 முதல் 80 சதவீதம் வரை கோட்டினைன் என்ற பொருளாக மாறுகிறது. கோட்டினைனுக்கு நிக்கோட்டின் மாதிரி கிக் கிடையாது, ஆனால் உடம்பில் ரொம்ப நேரம் தங்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நீங்கள் புகைக்கிறவரா என்று பார்க்க எடுக்கிற பரிசோதனை இதைத்தான் தேடுகிறது. அப்புறம் அதே நொதி கோட்டினைனையும் இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அந்த இன்னொரு பொருள் எவ்வளவு, கோட்டினைன் எவ்வளவு என்று பார்த்து, அந்தப் பொருளின் அளவைக் கோட்டினைனின் அளவால் வகுத்தால் உங்கள் கல்லீரல் நொதியின் வேகம் தெரிந்துவிடும். எண் பெரிதாக வந்தால் வேகமாக உடைக்கிறவர், சிறிதாக வந்தால் மெதுவாக உடைக்கிறவர். ஆராய்ச்சியாளர்கள் ஆட்களைப் பிரிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

வேகம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? பெரும்பங்கு மரபணு, பிறப்பிலேயே வந்தது. சிலருக்கு அந்த மரபணு பாதி வேகத்தில் வேலை செய்கிற வடிவத்தில் இருக்கும், சிலருக்கு அந்த மரபணுவே இருக்காது. ஜப்பான், சீனா, கொரியா பக்கம் இப்படி மெதுவாக உடைக்கிறவர்கள் அதிகம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இந்த நொதியை முடுக்கிவிடும் என்பதால் சராசரியாகப் பெண்கள் ஆண்களைவிட வேகமாக உடைக்கிறார்கள், கர்ப்ப காலத்தில் வேகம் இன்னும் கூடும்.

இதன் விளைவு எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரத்தத்தில் இருக்கிற நிக்கோட்டின் பாதியாகக் குறைய சராசரியாக 2 மணி நேரம் ஆகிறது. ராத்திரி படுக்கும்போது ஒருவர் உடம்பில் 16 பங்கு நிக்கோட்டின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம் தூங்கி எழுந்தால் பாதி, பாதியின் பாதி என்று நான்கு முறை குறைந்து 1 பங்குதான் மிச்சம். இன்னொருவருக்குப் பாதியாகக் குறைய 4 மணி நேரம் ஆகிறது என்றால் இரண்டு முறைதான் குறைந்திருக்கும், 4 பங்கு மிச்சம் இருக்கும். கண் விழிக்கும்போதே இருவரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். ஒருவர் பல் விளக்குவதற்கு முன்பே தீப்பெட்டியைத் தேடுகிறார், இன்னொருவர் டிபன் முடிந்து, குளித்து, பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகு பற்றவைக்கிறார். காலை முதல் சிகரெட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இது ஒரு பெரிய காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேகமாக உடைக்கிறவர்கள் எண்ணிக்கையில் அதிகம் பிடிப்பதோடு நிற்பதில்லை, ஒவ்வொரு சிகரெட்டிலும் இழுக்கிற புகையின் அளவும் அதிகமாக இருப்பது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அதாவது தாரும் அதிகம் உள்ளே போகிறது. பிறப்பிலேயே மெதுவாக உடைக்கிற உடம்பு அமைந்தவர்கள் சராசரியாகக் குறைவாகப் புகைக்கிறார்கள், விட முயன்றால் அவர்களில் அதிகம் பேர் விட்டும் விடுகிறார்கள்.

இதுவரை: ஒரே சிகரெட், வேறு வேறு கல்லீரல் வேகம். வேகம் கூடினால் தேவை சீக்கிரம் திரும்ப வருகிறது, உள்ளே போகிற புகையும் கூடுகிறது.

லைட்ஸ் என்பது ஓட்டை போட்ட பஞ்சு

இப்போது சிகரெட்டுக்கு வருவோம். கடையில் "லைட்ஸ்" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ரகம் ஒன்றை எடுத்து, பஞ்சைச் சுற்றியிருக்கிற தாளை மெதுவாக உரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தின மாதிரி பொடித் துளைகள் வரிசையாகச் சுற்றி வரும். சிலவற்றில் கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். லைட்ஸின் சூட்சுமம் முழுக்க அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. இழுக்கும்போது அவற்றின் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து புகையோடு கலக்கிறது, புகை நீர்த்துப்போகிறது. உள்ளே இருக்கிற புகையிலையில் நிக்கோட்டின் குறைக்கப்படவில்லை. ஒரு சாதாரண சிகரெட்டில் 10 முதல் 14 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கும், பிடிக்கிறவர் உடம்பில் ஏறுவது ஒன்று, ஒன்றரை மில்லிகிராம்தான். அதனால் இன்னும் கொஞ்சம் கூட எடுத்துக்கொள்ள நினைத்தால் சரக்கு தாராளமாக உள்ளேயே இருக்கிறது.

"அப்போ கம்மி என்று அளந்து சொன்னது பொய்யா?" என்று கேட்பீர்கள். அளந்தது மனிதன் இல்லை, மெஷின். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, ஒரு இழுப்புக்கு 2 நொடி, 35 மில்லி புகை என்று அந்த மெஷினுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மெஷினுக்கு விரல் கிடையாது, உதடு கிடையாது, நிக்கோட்டின் இறங்கினால் எரிச்சலும் வராது. மனிதன் அதே சிகரெட்டை இரண்டு விரலில் பிடிக்கும்போது பாதித் துளை அடைபடும், உதட்டில் அழுத்தினால் மீதியும் அடைபடலாம். அதோடு அவன் ஆழமாக இழுப்பான், அடிக்கடி இழுப்பான், பஞ்சு சுடுகிற வரை விடமாட்டான். இப்படிக் குறைந்ததை வேறு வழியில் இழுத்து நிரப்பிக்கொள்வதற்கு ஈடுகட்டுதல் என்று பெயர். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, கேட்டால் "நான் முன்ன மாதிரிதான் இழுக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள்.

லாரிக் கணக்கில் சொன்னால், லாரியில் தண்ணீர் முழுசாக இருக்கிறது, பைப் மட்டும் மெலிதாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அந்தப் பைப்பே போதும். ஏழு பேர் வீடு கூட நேரம் நின்று பிடிக்கும், இல்லாவிட்டால் இன்னொரு நடை வந்து பிடிக்கும். மாமாவுக்கும் தம்பிக்கும் நடந்தது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.

லைட் சிகரெட்டுகளால் மக்கள் உடல்நலத்துக்கு நன்மை எதுவும் வரவில்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2001-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. 2010-ல் அங்கே பெட்டியின் மேல் லைட், மைல்டு என்ற சொற்களைப் போடவே தடை வந்தது. நம் டீக்கடைப் பேச்சில் மட்டும் அது இன்னும் மருந்து மாதிரி உலாவிக்கொண்டிருக்கிறது, எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இது.

பீடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னதாக இருக்கிறது, புகையிலையும் கொஞ்சம்தான், அதனால் கம்மி என்று நினைக்கிறவர்கள் உண்டு. பீடிப் புகையிலையில் கிராமுக்கு நிக்கோட்டின் சிகரெட்டைவிட அதிகம். இலை சரியாகக் காற்று விடாது, இழுக்காமல் இருந்தால் அணைந்துவிடும், அதனால் அடிக்கடியும் அழுத்தியும் இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போவது சிகரெட்டுக்குக் குறைந்ததாக இருக்காது.

லாரியே காலியாக வந்தால்?

நிஜமாகவே நிக்கோட்டின் குறைந்த சிகரெட் என்பது வேறு சமாச்சாரம். இதில் துளை வித்தை இல்லை, புகையிலையிலேயே நிக்கோட்டினை எடுத்துவிடுகிறார்கள், அல்லது நிக்கோட்டினே பெரிதாக உண்டாகாத மாதிரிச் செடியை வளர்க்கிறார்கள். சாதாரண ரகத்தில் ஒரு கிராம் புகையிலைக்கு 15 மில்லிகிராம் பக்கம் நிக்கோட்டின் இருக்கும் என்றால், இதில் அரை மில்லிகிராம்கூட இருக்காது. நம் பெட்டிக்கடைகளில் இது கிடைப்பதில்லை. நீல் பெனோவிட்ஸ், ஜாக் ஹென்னிங்ஃபீல்டு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் இந்த யோசனையை எழுதினார்கள்: அடிமையாக்க முடியாத அளவுக்குச் சிகரெட்டில் நிக்கோட்டினைக் குறைத்துவிட்டால் என்ன? அமெரிக்காவில் கிராமுக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ஒரு விதியை முன்மொழிந்தது. நியூசிலாந்து 2022-ல் இதற்குச் சட்டமே போட்டது, ஆட்சி மாறியதும் 2024-ல் ரத்து செய்துவிட்டது.

இதில் எல்லோரும் பயந்தது ஈடுகட்டுதலைத்தான். கம்மி நிக்கோட்டின் என்றால் இரண்டு மடங்கு புகைப்பார்களே என்று. 2015-ல் 840 பேரை வைத்து ஆறு வாரம் நடத்திய அமெரிக்க ஆய்வில் நடந்தது வேறு. கிராமுக்கு 0.4 மில்லிகிராம் உள்ள சிகரெட் கிடைத்தவர்கள் ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 15 பிடித்தார்கள், வழக்கமான அளவு நிக்கோட்டின் கிடைத்தவர்கள் 20-க்கு மேல் பிடித்தார்கள். காரணம் எளிது. காலி லாரியில் எவ்வளவு நேரம் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் டிரம் நிரம்பாது, கொஞ்ச நாளில் அந்த லாரிக்காக ஓடுவதே குறைந்துவிடும்.

ஆனால் பாதி நிரம்பின லாரி ஆபத்து. ஓரளவு மட்டும் குறைத்தால் ஈடுகட்ட வழி இருக்கிறது, ஈடுகட்டுவார்கள். 1,250 பேரை வைத்து 2018-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரேயடியாகக் குறைத்தவர்கள் உடம்பில் புகையின் நச்சு அடையாளங்கள் நன்றாகக் குறைந்தன. 20 வாரத்தில் படிப்படியாகக் குறைத்தவர்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. ஒரேயடியாகக் குறைப்பவர்களுக்குத் தவிப்பும் அதிகம், பாதியில் விலகியவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கல்லீரல் வேகத்தை இங்கே பொருத்திப் பார்த்தால் படம் முழுசாகிறது. பாதி அளவு நிக்கோட்டின் உள்ள சிகரெட்டில் மெதுவாக உடைக்கிறவர் தாக்குப்பிடிப்பார். வேகமாக உடைக்கிறவருக்கு ஏற்கெனவே பற்றாக்குறை, அது இரட்டிப்பாகும், அதிகப் புகை இழுக்கத் தூண்டுதலும் அவருக்குத்தான் அதிகம். மிகமிகக் குறைந்த அளவுக்குப் போய்விட்டால் இருவருக்குமே ஈடுகட்ட ஒன்றும் இருக்காது, அதனால் வேகத்தின் முக்கியத்துவம் குறைகிறது. ஒரு எச்சரிக்கை: இந்தச் சிகரெட்டும் எரிகிறது. தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் அதே மாதிரிதான் வரும். குறைந்த நிக்கோட்டின் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அடிமைத்தனம் இல்லாமல் அதே நோய் வரும்.

விட நினைக்கிறவருக்கு இதனால் என்ன பயன்?

பயன் இருக்கிறது, அதுவும் கைமேல். 2015-ல் 1,246 பேரைக் கல்லீரல் வேகப்படி பிரித்து, நிக்கோட்டின் பட்டையையும் வரெனிக்ளின் என்ற மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். பட்டை என்பது தோலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நிக்கோட்டின் விடுவது. மாத்திரை மூளையின் ஏற்பியிலேயே போய் உட்கார்ந்து தவிப்பைக் குறைப்பது. சராசரி வேகத்திலோ அதற்கு மேலோ உடைக்கிறவர்களுக்கு மாத்திரை பட்டையைவிட நன்றாக வேலை செய்தது. மெதுவாக உடைக்கிறவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான், மாத்திரையில் பக்கவிளைவு அதிகம். அதனால் "பட்டை ஒட்டினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிறவர் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை, வேறு மருந்து அவருக்குப் பொருந்தலாம்.

இதற்காக மரபணுப் பரிசோதனை தேடி அலைய வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ டாக்டரைப் பார்க்கும்போது சில விஷயங்களை மறைக்காமல் சொன்னால் போதும்: எழுந்ததிலிருந்து முதல் சிகரெட் எத்தனை நிமிடத்தில், ராத்திரி நடுவில் எழுந்து பிடிக்கிறீர்களா, லைட்ஸுக்கு மாறினபோது எண்ணிக்கை ஏறினதா இறங்கினதா, முன்பு விட முயன்றபோது தவிப்பு எத்தனையாவது மணி நேரத்தில் ஆரம்பித்தது. வெட்கப்பட்டு எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அதை வைத்துத்தான் அளவு முடிவாகும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் புகையிலை நிறுத்தத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 இலவச எண், தமிழிலும் பேசலாம்.

மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் வீணாகும், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். நாக்கில் சுருக்கென்று காரம் தெரிகிற வரை நாலைந்து தடவை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கின பிறகு மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, கூல் டிரிங்க்ஸ் எதுவும் குடிக்கக் கூடாது, தண்ணீர் பரவாயில்லை.